வி.எம். கரப்ட் ஆகிவிட்டதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரில் ஹலசூரு, ஸ்ரீராமபுரம், விவேக் நகர் பக்கம் உள்ள சின்னச் சின்ன அலுவலகங்களின் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் தொழில். ஆடிட்டர் அலுவலகம், அச்சகம், நாலு பேர் வேலை செய்யும் சாஃப்ட்வேர் கம்பெனி என்று எங்கே போனாலும் ஏதாவது ஒரு வி.எம். ஓடிக்கொண்டிருக்கும். ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியாக ஓடும் மெய்நிகர் கணினியைத்தான் வி.எம். என்கிறோம். வெளியே இருக்கும் நிஜக் கணினி ஹோஸ்ட், உள்ளே ஓடுவது கெஸ்ட். பழைய விண்டோஸில் மட்டுமே ஓடும் ஒரு மென்பொருளுக்காக ஒருவர் வைத்திருப்பார், லினக்ஸ் பழகுவதற்காக ஒரு மாணவர் வைத்திருப்பார். அது திறக்காமல் போகும் நாளில் எனக்கு வரும் ஃபோன்களில் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். பதற்றத்தில் கேட்பவருக்கு ஃபோனில் நிதானமாகச் சொல்ல முடிவதில்லை. அதனால் எழுதி வைக்கிறேன்.

வி.எம். திறக்கவில்லை. முதலில் என்ன செய்யட்டும்?

திரும்பத் திரும்ப ஸ்டார்ட் கொடுக்காதீர்கள். இதைத்தான் முதலில் கெஞ்சிக் கேட்டுக்கொள்வேன். ஒவ்வொரு முறை ஸ்டார்ட் ஆகும்போதும் உள்ளே இருக்கும் விண்டோஸோ லினக்ஸோ தானாகப் பழுதுபார்க்கப் பார்க்கும், டிஸ்கில் எழுதும். காயம் பட்ட இடத்தைத் தேய்ப்பது போன்றது அது.

வி.எம்.மை ஓட்டும் மென்பொருள் விர்ச்சுவல்பாக்ஸ், விஎம்வேர் எதுவானாலும் முழுதாக மூடுங்கள். அந்த வி.எம். இருக்கும் ஃபோல்டரை மொத்தமாக வேறொரு டிஸ்குக்கு நகல் எடுங்கள். டிஸ்க் கோப்பு மட்டும் போதாது. செட்டிங்ஸ் கோப்பு, ஸ்னாப்ஷாட் ஃபோல்டர், லாக் ஃபோல்டர் எல்லாம் வேண்டும். கெட்டுப்போனதை எதற்கு நகல் எடுக்க வேண்டும் என்று கேட்பார்கள். இனி செய்யப்போகும் வைத்தியம் எல்லாம் அந்த நகலில்தான். முதல் முயற்சி தப்பாகப் போனால் மூலத்திலிருந்து இன்னொரு நகல் எடுத்து மறுபடி தொடங்கலாம். மூலத்திலேயே கை வைத்தால் கிடைப்பது ஒரே ஒரு வாய்ப்பு.

நகல் எடுக்கும்போதே கோப்பைப் படிக்க முடியவில்லை என்று பிழை வந்து நின்றால், கோளாறு பெரும்பாலும் வி.எம்.மில் இருக்காது, ஹோஸ்டின் ஹார்ட் டிஸ்க்கே சாகத் தொடங்கியிருக்கும். அதற்கான பதில் கீழே தனியாக இருக்கிறது.

கரப்ட் என்றால் சரியாக எது கெட்டிருக்கிறது?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு. ஆனால் பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும். வி.எம். என்பது ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி வைத்த நாலு பாத்திரம் மாதிரி. வெளியே இருப்பது செட்டிங்ஸ் கோப்பு: எவ்வளவு ராம், எந்த டிஸ்க் என்று எழுதி வைத்திருக்கும் சின்ன உரைக் கோப்பு. அடுத்தது டிஸ்க் கோப்பு. அதன் தொடக்கத்தில், கெஸ்ட் கேட்கும் பகுதி இந்தக் கோப்பில் எங்கே இருக்கிறது என்று சொல்லும் ஒரு வரைபடம் உண்டு. அதற்குள்ளே கெஸ்டின் ஃபைல் சிஸ்டம், அதாவது கோப்புகளையும் ஃபோல்டர்களையும் ஒழுங்காக வைத்திருக்கும் அமைப்பு. அதற்கும் உள்ளே உங்கள் கணக்கு, டேட்டாபேஸ், எழுதிய நிரல்.

வெளிப் பாத்திரம் நசுங்கியிருந்தால் ஐந்து நிமிட வேலை. உள்ளே போகப் போகக் கஷ்டம். பெரும்பாலானவர்கள் வெளிப் பாத்திரம் நசுங்கியதைப் பார்த்துவிட்டு எல்லாமே போய்விட்டது என்று முடிவு கட்டி, மொத்தத்தையும் அழித்துப் புதிதாக இன்ஸ்டால் செய்துவிடுகிறார்கள். நான் போய்ச் சேருவதற்குள் அப்படி அழிக்கப்பட்ட வி.எம்.களை நினைத்தால் இன்னும் வருத்தமாக இருக்கிறது.

விர்ச்சுவல்பாக்ஸில் பெயருக்குப் பக்கத்தில் 'இன்ஆக்சஸிபிள்' என்று வருகிறது. போய்விட்டதா?

அநேகமாகப் போகவில்லை. ஹலசூரில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

அது ஒரு 18-ஆம் தேதி சாயங்காலம். ஜிஎஸ்டிஆர்-3பி என்ற மாதாந்திர ஜிஎஸ்டி படிவத்தைத் தாக்கல் செய்ய 20-தான் கடைசி. மழை, கரண்ட் போனது. யூபிஎஸ் பேட்டரி பழசு, சில நொடிகூடத் தாங்கவில்லை. கரண்ட் வந்து கணினியைப் போட்டால், கணக்கு மென்பொருளான டேலி இருந்த விண்டோஸ் வி.எம். திறக்கவில்லை. கணக்கு எழுதும் அக்கா ஃபோனில், "தம்பி, உள்ள இருக்கிற கம்ப்யூட்டர் செத்துப் போச்சுப்பா" என்றார். "அக்கா, எதையும் அழுத்தாதீங்க, அப்படியே இருக்கட்டும், வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

ஃபோல்டரைத் திறந்து பார்த்தேன். டிஸ்க் கோப்பு 60 ஜிபி அளவில் அப்படியே இருந்தது. 'விபாக்ஸ்' என்று முடியும் செட்டிங்ஸ் கோப்பின் அளவு 0. அதை எழுதிக்கொண்டிருந்த நொடியில் கரண்ட் போயிருக்கிறது. அதன் பக்கத்திலேயே 'விபாக்ஸ்-ப்ரெவ்' என்று முடியும் இன்னொரு கோப்பு, சில கேபி அளவில். விர்ச்சுவல்பாக்ஸ் ஒவ்வொரு முறை செட்டிங்ஸை மாற்றும்போதும் முந்தைய பதிப்பை அந்தப் பெயரில் விட்டுவைக்கும். முதலில் எல்லாவற்றையும் நகல் எடுத்துவிட்டு, காலியாக இருந்ததை ஒதுக்கி வைத்து, ப்ரெவ் கோப்பின் நகலுக்குப் பழைய பெயரைக் கொடுத்தேன். வி.எம். பட்டியலில் வந்தது, ஸ்டார்ட்டும் ஆனது. விண்டோஸ் கொஞ்ச நேரம் டிஸ்கைச் சரிபார்த்துவிட்டுத் திறந்தது.

ஆனால் டேலி கம்பெனியைத் திறக்கும்போது பிழை. கரண்ட் போன நேரத்தில் அக்கா ஒரு வவுச்சரைச் சேமித்துக்கொண்டிருந்தார், அது பாதியில் நின்றிருக்கிறது. டேட்டா ஃபோல்டருக்கும் முதலில் ஒரு நகல். அப்புறம்தான் அந்த நகலில், டேலியின் பழுதுபார்க்கும் வசதியான ரீரைட் கொடுத்தோம். கம்பெனி திறந்தது, கடைசி இரண்டு நாள் பதிவுகள் இல்லை. அங்கிருந்த பேக்கப் டிஸ்கை எடுத்துப் பார்த்தேன். அதில் இருந்த நகல் நாலு மாதம் பழையது. அதை ஏற்பாடு செய்தவன் நான்தான். ஓடுகிறதா என்று அதற்குப் பிறகு நான் ஒரு தடவைகூடத் திறந்து பார்த்திருக்கவில்லை. ராத்திரி பதினொன்றரை வரை அக்கா பில்களை ஒவ்வொன்றாகப் படிக்க, இன்னொருவர் டைப் செய்தார். நானும் உட்கார்ந்து டிக் அடித்தேன். இன்று நான் பேக்கப் பற்றி இவ்வளவு வற்புறுத்துவதற்கு அந்த ராத்திரிதான் காரணம்.

ஒரு எச்சரிக்கை: பட்டியலிலிருந்து வி.எம்.மை நீக்கச் சொன்னால், கோப்புகளையும் சேர்த்து அழிக்கட்டுமா என்று விர்ச்சுவல்பாக்ஸ் கேட்கும். பட்டியலிலிருந்து மட்டும் நீக்கு என்பதையே தேர்ந்தெடுங்கள். டிஸ்க் கோப்பு கையில் இருந்தால், செட்டிங்ஸ் முழுக்கப் போனாலும் புதிய வி.எம். உருவாக்கி அந்த டிஸ்கை அதில் மாட்டிக்கொள்ளலாம்.

விஎம்வேரில் 'கோப்பு பூட்டப்பட்டிருக்கிறது' என்ற மாதிரி வருகிறது?

கரண்ட் போனபோது விஎம்வேர் தன் பூட்டை எடுக்காமல் போயிருக்கும். 'எல்சிகே' என்று முடியும் ஃபோல்டர்கள்தான் அந்தப் பூட்டு. வேறு எங்கும் அந்த வி.எம். ஓடவில்லை என்று உறுதி செய்துகொண்டு அவற்றை வேறிடத்துக்கு நகர்த்துங்கள், திறந்துவிடும். டிஸ்கே பழுது என்று சொன்னால், விஎம்வேர் வொர்க்ஸ்டேஷனோடு வரும் விடிஸ்க்மேனேஜர் கருவியில் பழுதுபார்க்கும் வசதி இருக்கிறது. நகலில் ஓட்டுங்கள்.

டிஸ்க் கோப்பே கெட்டிருக்கிறது. வழி உண்டா?

உண்டு, ஆனால் பொறுமை வேண்டும். லினக்ஸின் சொந்த வி.எம். வசதியான கேவிஎம் பயன்படுத்துபவர்களின் டிஸ்க் பெரும்பாலும் கியூகவ்2 வடிவில் இருக்கும். கியூஎமு-இமேஜ் கருவியின் 'செக்' கட்டளையை முதலில் எதையும் திருத்தச் சொல்லாமல் ஓட்டுங்கள். 'லீக்' என்று மட்டும் சொன்னால் இடம் வீணாகியிருக்கிறது, அவ்வளவுதான், டேட்டாவுக்கு ஆபத்தில்லை. 'எரர்' என்று எண்ணிக்கை காட்டினால்தான் வரைபடத்தில் பிசகு. அப்போது நகலில் மட்டும் திருத்தச் சொல்லலாம். வி.எம். ஓடிக்கொண்டிருக்கும்போது ஒருபோதும் திருத்தச் சொல்லாதீர்கள், நல்ல டிஸ்கையும் கெடுத்துவிடும்.

விர்ச்சுவல்பாக்ஸின் விடிஐ, விஎம்வேரின் விஎம்டிகே வடிவங்களுக்கு நான் செய்வது வேறு. அதே கருவியால் அவற்றை 'ரா' வடிவத்துக்கு மாற்றிவிடுவேன். அந்த வடிவத்தில் வரைபடமே கிடையாது. நிஜ டிஸ்கில் இருப்பது போல வரிசையாக இருக்கும். அதன் மேல் டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச மென்பொருளை ஓட்டினால் தொலைந்த பார்ட்டிஷனை (டிஸ்கின் பிரிவை) தேடிக் கொடுக்கும். அதுவும் முடியாவிட்டால் ஃபோட்டோரெக். அதன் பெயரைப் பார்த்து படங்களுக்கு மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். எக்செல், பிடிஎஃப் எல்லாம் எடுக்கும். ஆனால் கோப்புப் பெயரும் ஃபோல்டரும் திரும்ப வராது. ஆயிரக்கணக்கான பெயரில்லாக் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கிற வேலை அது.

விண்டோஸ், லினக்ஸ் பூட் ஆகவில்லை. ஆனால் டிஸ்க் கோப்பு நன்றாகத்தான் இருக்கிறது?

அந்த மெஷினை உயிர்ப்பிக்க வேண்டுமா, உள்ளே இருக்கும் வேலை கிடைத்தால் போதுமா என்று முதலில் முடிவு செய்யுங்கள். விண்டோஸை எப்போது வேண்டுமானாலும் மறுபடி இன்ஸ்டால் செய்யலாம். எட்டு வருடக் கணக்கை யாரும் இன்ஸ்டால் செய்து தர முடியாது. நன்றாக ஓடும் இன்னொரு வி.எம்.மில் இந்த டிஸ்கின் நகலை இரண்டாவது டிஸ்காக மாட்டினால் போதும்; பென் டிரைவைத் திறப்பது போலத் திறந்து ஃபோல்டர்களை எடுத்துக்கொள்ளலாம். லினக்ஸில் மாட்டினால் படிக்க மட்டும் என்ற முறையில் மவுண்ட் செய்யுங்கள், அதாவது இணைத்துத் திறங்கள்.

ஃபைல் சிஸ்டத்தைச் சரிசெய்தே ஆக வேண்டும் என்றால் விண்டோஸுக்கு செக்டிஸ்க், லினக்ஸின் ஃபைல் சிஸ்டமான எக்ஸ்ட்4-க்கு எஃப்எஸ்செக். எக்ஸ்ட்4-இல் தொடக்கத் தகவல் அழிந்திருந்தால் அதன் பிரதிகள் வேறு இடங்களில் இருக்கும். 4 கேபி பிளாக் உள்ள டிஸ்கில் முதல் பிரதி வழக்கமாக 32768-ஆவது பிளாக்கில். லினக்ஸின் இன்னொரு ஃபைல் சிஸ்டமான எக்ஸ்எஃப்எஸ் என்றால் ரிப்பேர் கருவி, லாகை (இன்னும் எழுதி முடிக்காத மாற்றங்களின் குறிப்பை) அழிக்கவா என்று ஒரு வாய்ப்பைக் காட்டும். அதற்கு முன் ஒரு தடவை மவுண்ட் செய்து பாருங்கள். லாகில் மிச்சம் இருப்பதை அதுவே எழுதி முடித்துவிடக்கூடும். லாகை அழிப்பது கடைசியில்தான்.

ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன் அண்ணா. அது பேக்கப்தானே?

இல்லை தம்பி. இந்த ஒரு நம்பிக்கையால் போன டேட்டா கொஞ்சநஞ்சமில்லை. ஸ்னாப்ஷாட் என்பது வி.எம்.மின் இப்போதைய நிலையைக் குறித்து வைத்து, பிறகு அதற்குத் திரும்ப உதவும் வசதி, அவ்வளவுதான்.

ஸ்னாப்ஷாட் எடுத்த நொடியில் வி.எம்.மின் முழு நகல் ஒன்று உருவாகிறது என்று பலர் நினைக்கிறார்கள். விர்ச்சுவல்பாக்ஸில் நடப்பது வேறு. அதுவரை இருந்த டிஸ்க் கோப்பு அப்படியே நிறுத்தப்படும். அதற்கப்புறம் எழுதுவதெல்லாம் ஒரு புதிய கோப்பில் வித்தியாசமாகச் சேரும். அடுத்த ஸ்னாப்ஷாட் எடுத்தால் இன்னொரு கோப்பு. எல்லாம் ஒரு சங்கிலி. அடியில் இருக்கும் மூலக் கோப்பு கெட்டால், மேலே பத்து ஸ்னாப்ஷாட் இருந்தும் பயனில்லை. நடுவில் ஒரு கண்ணி போனால், அதற்கு மேலே உள்ளவை எல்லாம் போயிற்று.

விவேக் நகரில் ஒரு மாணவர், இடம் போதவில்லை என்று ஸ்னாப்ஷாட்ஸ் ஃபோல்டரைத் திறந்திருக்கிறார். நீளமான எண்ணும் எழுத்துமாகப் பெயர் வைத்த கோப்புகள் கிடந்தன. ஏதோ குப்பை என்று அழித்துவிட்டார். ஆறு மாத ப்ராஜெக்ட் வேலை அந்தக் கோப்புகளில்தான் இருந்தது. மூல டிஸ்க் திறந்தது, ஆறு மாதத்துக்கு முந்தைய நிலையில். அவர் லேப்டாப்பில் இருந்தது எஸ்எஸ்டி. அழித்த இடத்தை, எஸ்எஸ்டியில் காலியான இடத்தைத் துடைக்கும் டிரிம் வசதி சுத்தமாக்கிவிட்டது. என்னால் ஒன்றும் எடுத்துக் கொடுக்க முடியவில்லை.

ஸ்னாப்ஷாட் நல்ல வசதிதான். ஒரு அப்டேட் போடுவதற்கு முன் எடுங்கள், சரியாக இருந்தால் இரண்டு நாளில் நீக்கிவிடுங்கள். நீக்குவதை அந்த மென்பொருள் வழியாகவே செய்யுங்கள், கோப்பில் கை வைக்காதீர்கள்.

இரண்டு டிஸ்க் போட்டு, இரண்டிலும் ஒரே சமயத்தில் ஒன்றையே எழுதும் ரெய்டு செய்திருக்கிறோம். அது பேக்கப்பா?

ஒரு டிஸ்க் செத்தால் வேலை நிற்காது, அதற்கு நல்லது. தவறுதலாக அழித்தால் இரண்டிலும் ஒரே நொடியில் அழியும்.

வி.எம். திடீரென்று அப்படியே நின்றுவிட்டது. பிழை எதுவும் புரியவில்லை?

ஹோஸ்டில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். 100 ஜிபி என்று உருவாக்கிய டிஸ்க் முதலில் சில ஜிபிதான் எடுக்கும், போகப் போக வளரும். ஹோஸ்ட் நிறைந்ததும் விர்ச்சுவல்பாக்ஸ் வி.எம்.மைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கும். பவர் ஆஃப் செய்யாமல், ஹோஸ்டில் இடம் காலி செய்து தொடரச் சொன்னால் பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது.

வி.எம். ஓடும்போதே கோப்பை நகல் எடுத்தால் போதாதா?

போதாது. 60 ஜிபியை நகல் எடுக்கும் நேரத்தில் கோப்பின் முன்பகுதி ஒரு நிலையிலும் பின்பகுதி வேறொரு நிலையிலும் இருக்கும். சின்ன அலுவலகத்துக்கு எளிய வழி, ஷட்டவுன் செய்துவிட்டு நகல் எடுப்பது.

நிறுத்தவே முடியாத சர்வர் என்றால் பிராக்ஸ்மாக்ஸ், வீம் போன்ற மென்பொருள்கள் ஓடும்போதே முறையாக பேக்கப் எடுக்கும். அப்போதும் டேட்டாபேஸுக்குத் தனியாக ஒரு டம்ப் (உள்ளே இருப்பதை மொத்தமாக வெளியே எழுதிய கோப்பு) எடுத்து வையுங்கள். மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸின் டம்ப் வெறும் உரைக் கோப்பு, வி.எம். மொத்தமும் போனாலும் வேறொரு மெஷினில் ஏற்றிக்கொள்ளலாம். டம்ப் இல்லாமல் இன்னோடிபி (மைஎஸ்கியூஎல் டேட்டாவைச் சேமிக்கும் பகுதி) கெட்டுப்போனவர்களுக்கு ஃபோர்ஸ் ரெகவரி என்ற அமைப்பு 1 முதல் 6 வரை இருக்கிறது. 1-இலிருந்து ஒவ்வொன்றாக ஏறுங்கள். 4-ம் அதற்கு மேலும் டேட்டாவை நிரந்தரமாகக் கெடுக்கலாம். திறந்த உடனே டம்ப் எடுத்துவிட்டு, புதிய டேட்டாபேஸில் ஏற்றுங்கள். அதிலேயே வேலையைத் தொடர வேண்டாம்.

எத்தனை நகல், எங்கே வைப்பது?

3-2-1 என்பார்கள்: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனத்தில், ஒன்று வேறு இடத்தில். பீட்டர் க்ரோக் என்ற புகைப்படக் கலைஞர் பரப்பிய கணக்கு இது.

வேறு இடம் என்பதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் கட்டடம் ஒன்று தீயில் முழுதாக எரிந்தது. சர்வரும் பேக்கப்பும் அதே வளாகத்தில் இருந்த பலருக்கு இரண்டும் சேர்ந்தே போயின. அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2022 செப்டம்பர் மழையில் நம் ஊரின் வெளிவட்டச் சாலை, பெல்லந்தூர் பக்கம் தண்ணீர் எப்படிப் புகுந்தது என்று பார்த்தோம். தரைத்தள அலுவலகத்தில் கணினியும் பேக்கப் டிஸ்கும் ஒரே மேசையில் இருந்தால் தண்ணீருக்கு இரண்டும் ஒன்றுதான்.

அந்த டிஸ்கை எப்போதும் கணினியில் செருகியே வைக்காதீர்கள். 2017 மே மாதம் பரவிய வான்னாக்ரை மாதிரியான ரேன்சம்வேர், அதாவது பணம் கேட்டு மிரட்டும் தீய மென்பொருள், எட்டும் டிஸ்க் எல்லாவற்றையும் பூட்டும். நகல் முடிந்ததும் கழற்றிவிடுங்கள்.

பெரிய கோப்பு பென் டிரைவில் ஏறமாட்டேன் என்கிறதே?

அது ஃபேட்32 என்ற பழைய ஃபைல் சிஸ்டத்தில் இருக்கும். 4 ஜிபியை எட்டும் ஒற்றைக் கோப்பை அது ஏற்காது. அதில் இருப்பதை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ்-ஆக ஃபார்மட் செய்யுங்கள்.

ஹார்ட் டிஸ்க் டக் டக் என்று சத்தம் போடுகிறது?

உடனே அணைத்துவிடுங்கள். உள்ளே இருப்பது உயிர்போகும் விஷயம் என்றால், பிரித்துப் பார்க்கும் வசதியுள்ள டேட்டா ரெகவரி ஆட்களிடம் நேராகக் கொடுங்கள். கணினிக் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் யாரோ திறந்து பார்த்துத் தருவதாகச் சொன்னால், தூசி இல்லாத அறை இருக்கிறதா என்று கேளுங்கள். சத்தம் இல்லை, படிக்கும்போது மட்டும் சில இடங்களில் பிழை வருகிறது என்றால் டிடிரெஸ்க்யூ என்ற கருவி உதவும். நன்றாக இருக்கும் பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும்; எதுவரை எடுத்தது என்று ஒரு மேப் கோப்பில் குறித்தும் வைக்கும்.

பேக்கப் தினமும் தானாக ஓடுகிறது. அப்புறம் என்ன கவலை?

ஓடுகிறது என்று எப்படித் தெரியும்? நிரல்களைச் சேமித்து வைக்கும் சேவை நடத்தும் கிட்லேப் நிறுவனத்துக்கு 2017 ஜனவரி 31-ஆம் தேதி நடந்ததை ஒவ்வொரு அலுவலகத்திலும் சொல்வேன். ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் ஃபோல்டரை அழித்துவிட்டார். ஏறக்குறைய 300 ஜிபியில் 4.5 ஜிபி மிஞ்சியபோதுதான் நிறுத்த முடிந்தது. பேக்கப் எடுக்கும் கருவி, டேட்டாபேஸின் பதிப்போடு ஒத்துப்போகாமல் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சல்களும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட் இருந்ததால் பிழைத்தார்கள். நடந்ததை ஒளிக்காமல் எழுதி வெளியிட்டார்களே, அதற்காக அவர்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

ரீஸ்டோர் செய்து பார்க்காத பேக்கப்பை நான் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. மாதம் ஒரு தடவை, வேறொரு கணினியில் அந்த நகலைத் திறந்து, உள்ளே போய், நேற்று எழுதிய ஏதாவது ஒன்று இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். விண்டோஸில் டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் அதன் 48 இலக்க ரெகவரி கீ எங்கே இருக்கிறது என்பதும் அன்றைக்கே தெரிந்துவிடும். அந்தக் கீயை வி.எம்.முக்குள்ளேயே சேமித்து வைத்திருந்தவரையும் பார்த்திருக்கிறேன்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே இருக்கிறது?

60 ஜிபி வி.எம்.மை எடுத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 100 எம்பி எழுதும் யூஎஸ்பி 3 டிஸ்கில் பத்து நிமிடம். பழைய யூஎஸ்பி 2 துளையில் செருகினால் அரை மணி நேரத்துக்கு மேல். இணையத்தில் ஏற்றுவதென்றால், 40 எம்பிபிஎஸ் (மெகாபிட், அதாவது நொடிக்கு 5 எம்பி) அப்லோடில் மூன்று மணி இருபது நிமிடம், அதனால் வி.எம்.மை வாரம் ஒரு தடவை டிஸ்கிலும், டேட்டா ஃபோல்டரை மட்டும் தினமும் இணையத்திலும் வைக்கலாம்.

ஹலசூரு அலுவலகத்தில் இப்போது சிவப்பு டேப் ஒட்டிய டிஸ்க் ஒன்று, நீல டேப் ஒட்டிய டிஸ்க் ஒன்று. வெள்ளிக்கிழமை மத்தியானம் அக்கா வி.எம்.மை ஷட்டவுன் செய்து, அந்த வார டிஸ்கைச் செருகி, நகலைப் போட்டுவிட்டு டிபன் பாக்ஸைத் திறப்பார். சாப்பிட்டுக் கை கழுவி வருவதற்குள் முடிந்திருக்கும். ஒரு டிஸ்க் அவரோடு வீட்டுக்குப் போகும், போன வாரத்தது திரும்பி வரும். மாதத்தின் முதல் சனிக்கிழமை நான் லேப்டாப்போடு போய் அந்த நகலைத் திறந்து, கடைசி வவுச்சர் எண்ணைப் படிப்பேன். அக்கா அதைத் தன் நோட்டில் இருக்கும் எண்ணோடு ஒப்பிட்டு, பக்கத்தில் தேதி போட்டுக் கையெழுத்திடுவார்.